இடுப்புக்கு மேல், கழுத்துக்குக் கீழ்

விழுப்புரத்தில் மாவட்ட நலத்திட்டக் காணொளி மெய்ப்பிப்பு மையம் என்று ஒன்று இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று கேட்பவர்களை அங்கே யாருக்கும் பிடிக்காது. ஏழைகளுக்குக் கொடுத்ததெல்லாம் உண்மையாகவே கொடுக்கப்பட்டதா என்ற சந்தேகம் யாருக்கும் வந்துவிடக் கூடாதல்லவா? அதற்காகக் கொடுப்பதை வீடியோ எடுத்து, வெட்டி, ஒட்டி, நாதஸ்வரம் சேர்த்து, முத்திரை குத்தி வைக்கிற இடம் அது. முதலில் கொடுப்பது, பிறகு வீடியோ என்றுதான் ஆரம்பித்தார்கள். வேலைப் பளு காரணமாகக் கொஞ்ச நாளில் முதலில் வீடியோ, பிறகு கொடுப்பது என்று ஆனது. இதில் தவறு ஏதும் இல்லை என்று மையத்தின் விதிப் புத்தகம் சொல்கிறது. அதை எழுதியவர்களும் மையத்துக்காரர்கள்தான்.

அந்தப் புத்தகத்தில் பதினான்காம் விதி ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். காணொளியில் பட்டா வாங்குகிறவராகத் தெரிபவரே பயனாளி. காணொளியில் பட்டா கொடுக்கிறவராகத் தெரிபவரே அலுவலர். அந்த அலுவலர் கையெழுத்துப் போட்டால்தான் பட்டா செல்லும். அந்த அலுவலரே எழுதித் தந்தாலொழிய, நேரில் கண்டது, கேட்டது, தொட்டது எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இந்த விதியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ராயப்பன் அதைப் படித்ததில்லை. அதனால் வயிறு நிறையக் கேப்பங்கூழ் குடித்துவிட்டுத்தான் வீடியோவுக்குக் கிளம்பினார்.

ராயப்பன் திண்டிவனம் பக்கத்தில் பிரம்மதேசத்துக்காரர். ஐம்பத்து நான்கு வயது. அடுத்தவர் நிலத்தில் களை வெட்டி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை பிடுங்கிப் பிழைப்பவர். மனைவி சவுரியம்மாளோடு ஏரிக்கரைப் புறம்போக்கில் தகரக் கொட்டகையில் குடியிருந்தார். ஏரியைத் தூர்வாரப் போகிறோம், மழைக்கு முன்னால் காலி பண்ணு என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அதற்குப் பதிலாக மேட்டுப் பக்கம் இரண்டரை சென்ட் வீட்டுமனை அவர் பெயருக்கு ஒதுக்கியாகிவிட்டது. அக்டோபர் முப்பதுக்குள் பட்டாவைக் கையில் வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் மனை பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

ஆகஸ்டில் மையத்திலிருந்து அழைப்பு வந்தது. பயனாளிகள் தங்களிடம் உள்ளவற்றுள் சிறந்த சட்டையை அணிந்து வரவும் என்று அதில் போட்டிருந்தது. ராயப்பனிடம் இருந்ததிலேயே சிறந்த சட்டை பளீரென்ற பச்சை நிறம். போன வருஷம் இதே மையம் நடத்திய மரம் நடும் விழாவில் இலவசமாகக் கொடுத்தது. பையில் மையத்தின் சின்னம் வெள்ளை நூலில் தைத்திருந்தது. விழாவில் மரம்தான் நடவில்லை. சட்டையில் குறை சொல்ல முடியாது.

விழுப்புரத்தில் அவரை ஒரு பெரிய கூடத்துக்குள் அனுப்பினார்கள். நாலு சுவரிலும் தரையிலும் பச்சைத் துணி விரித்திருந்தது. நடுவில் ஒரு மூங்கில் கழி நட்டு, ஆள் உயரத்தில் இரண்டு கண் வரைந்திருந்தார்கள். கேமரா பக்கத்தில் இனியவன் என்ற எடிட்டர் நின்றிருந்தார்.

"பெரியவரே, அதுதான் ஆபீசர். கும்புட்டு, ரெண்டு கையால வாங்கிக்கினு, சிரிங்க" என்றார் இனியவன்.

"கழிய கும்புடணுமா தம்பி?"

"கழின்னு நினைக்காதீங்க. அவரு அப்புறமா வந்து ஒட்டிக்குவாரு."

ராயப்பன் கழியைக் கும்பிட்டார். கழியில் கட்டியிருந்த பட்டாவை வாங்கினார். சிரித்தார். உடனே அதை அவர் கையிலிருந்து பிடுங்கிப் பழையபடி கழியில் கட்டி, அடுத்த ஆளை வரச் சொன்னார்கள். அன்றைக்கு நாற்பத்தொரு பேர் அந்த ஒரே பட்டாவை வாங்கினார்கள். உண்மைப் பட்டா திண்டிவனம் கிளையில் கிடைக்கும், காணொளி தயாரானதும் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லி ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். லட்டு நிஜமானது.

அக்டோபர் பன்னிரண்டாம் தேதி ராயப்பனும் சவுரியம்மாளும் திண்டிவனம் கிளைக்குப் போனார்கள். அங்கே உதவியாளர் சங்கவி, நல்ல பெண். மனசாட்சி உள்ளவர்களை அந்த மாதிரி இடங்களில் கவுண்டரில்தான் உட்கார வைப்பார்கள், திட்டு வாங்குவதற்காக. அவர் பதிவெண்ணைப் போட்டு டிவியில் காணொளியை ஓட விட்டார்.

தென்னந்தோப்பு தெரிந்தது. சபாரி உடுப்பில் ஓர் அலுவலர் வாய் நிறையச் சிரித்தபடி பட்டாவை நீட்டினார். அதை இரண்டு கைகள் வாங்கின. கைகளுக்கு மேலே, கொஞ்சம் இடைவெளி விட்டு, ராயப்பனின் தலை சிரித்துக்கொண்டிருந்தது. கீழே அவருடைய வெள்ளை வேட்டி நின்றுகொண்டிருந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. மார்பு இருக்க வேண்டிய இடத்தில் மையத்தின் சின்னம் மட்டும் தனியாக மிதந்தது. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பசு மாடு இடமிருந்து வலமாக நடந்து போனது.

"ஐயோ மாதாவே" என்றார் சவுரியம்மாள்.

சங்கவி இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். மாடு இன்னொரு முறை போனது.

"ஐயா, தலை உங்களுதுதான். ஒத்துக்கறேன். மீதி எங்க?"

"மீதியும் இங்கதாம்மா இருக்குது" என்று ராயப்பன் நெஞ்சைத் தட்டிக் காட்டினார்.

"எனக்குத் தெரியுதுங்க ஐயா. ஆனா நான் பாக்கறது ரெக்கார்டு இல்லியே. ரெக்கார்டுப்படி உங்களுக்கு இடுப்புக்கு மேல, கழுத்துக்குக் கீழ எதுவும் கிடையாது. முழு ஆளுக்குத்தான் முழு மனை."

சங்கவி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பகுதிப் பயனாளி என்று ஓர் இனம் இருந்தது. தெரிகிற உடம்பு எத்தனை சதவீதமோ அத்தனை சதவீத மனை. ஒரு ஸ்கேலை எடுத்து டிவியில் அளந்து, ராயப்பன் அறுபது சதவீதம் என்று முடிவுக்கு வந்தார். ஒன்றரை சென்ட்.

"மீதி ஒரு சென்டுலதான் அடுப்பு வரும். அத்த எங்க வெக்கறது, மாடு வயித்துலயா?" என்று கேட்டார் சவுரியம்மாள்.

முழு மனை வேண்டுமானால் உடம்பு இருப்பதற்குச் சான்று கொண்டு வரலாம் என்றார் சங்கவி. மறுநாள் ராயப்பன் ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, மேற்படி நபருக்கு மார்பு, வயிறு, முதுகு ஆகியவை உள்ளன, லேசான சளியும் உள்ளது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சங்கவி அதைத் தலைமைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் பதில் வந்தது. சளி பதிவு செய்துகொள்ளப்பட்டது, அந்தச் சளி இருப்பதாகச் சொல்லப்படும் நெஞ்சு காணொளியில் இல்லாததால் விண்ணப்பதாரர் விழுப்புரம் மையத்தில் நேரில் ஆஜராகி உடம்பைச் சேர்த்துக்கொள்ளவும் என்று அதில் இருந்தது. தேதி இருபத்து மூன்று ஆகிவிட்டது. ஏரிக்கரையில் பொக்லைன் வந்து நின்றுவிட்டது.

மறுநாள் ராயப்பன் விழுப்புரம் பஸ் ஏறினார். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் அரை மணி நேரம் நின்றது. அவர் நெடுநேரம் தன் பச்சைச் சட்டையின் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை அப்படி உட்கார வைத்தவர்கள் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் தீரவில்லை.

எடிட்டிங் அறையில் இனியவன் அவரைப் பார்த்ததும் மகிழ்ந்து போனார்.

"பெரியவரே, நீங்கதானா அது? இவ்ளோ சுத்தமா வெட்டு விழுந்ததே கிடையாது. ஒரு பிசிறு இல்ல, பாருங்க."

"எதுக்கு தம்பி என்னை வெட்டினீங்க?"

"நான் எங்க வெட்டினேன்? பச்சையா இருக்கறதெல்லாம் மாயமாப் போகணும்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லுவோம். அந்த எடத்துல தோப்பு, மாடு எல்லாம் நாங்க ஒட்டுவோம். நீங்க பச்சைச் சட்டை போட்டுக்கினு வந்துட்டீங்க. யாரு குடுத்தா இந்தச் சட்டை?"

"நீங்கதான் குடுத்தீங்க."

இனியவன் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். முகம் மாறியது. ஸ்டூடியோ சுவருக்கு வாங்கிய பச்சைத் துணியில் மிச்சமானதைத்தான் மரம் நடும் விழாவுக்குச் சட்டையாகத் தைத்திருந்தார்கள். சுவரும் ராயப்பனும் ஒரே சுருளில் வெட்டிய துணி. உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டராலும் இரண்டையும் பிரிக்க முடியாது.

"வேற சட்டையில இன்னொரு தபா எடுத்துடலாமே" என்றார் ராயப்பன்.

"இன்னொரு தபா எடுத்தா நீங்க ரெண்டு பட்டா வாங்கினதா ஆயிடும். ஜெயிலுக்குப் போவீங்க."

"அப்ப இதுலயே சரி பண்ணுங்க தம்பி. ஜல்தியா. முப்பதாம் தேதி கெடு."

"அதுலதான் பேஜாரு. இது எடிட்டிங் சாஃப்ட்வேரோட ஒன்பதாம் பதிப்புல செஞ்சது. இப்ப நம்மகிட்ட இருக்கறது பன்னெண்டு. பன்னெண்டு போய் ஒன்பத தொறக்காது. பத்து தொறக்கும். பத்துக்குத் தொறப்பு விழா பண்ணிட்டு திருப்பிக் குடுத்துட்டாங்க."

"பதினொண்ணு?"

"பதினொண்ணுக்குப் பாராட்டு விழா மட்டும்தான் நடந்தது. அது இங்க வரவே இல்ல. ஆனா கவலைப்படாதீங்க. இன்னிக்கு மத்தியானம் பன்னெண்டாம் பதிப்புக்கு வரவேற்பு விழா. அதுல செயற்கை அறிவு இருக்குது. முடிஞ்சு போன வீடியோவுல கூட எது இல்லையோ அத்த அதுவா ரொப்பிடும். டைரக்டரு கிட்ட சொல்லி உங்க உடம்ப மேடையிலயே வெச்சு செஞ்சிக் காட்டறேன்."

மூன்று மணிக்கு விழா. கைதட்டல் ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருப்பதால் யாரும் கைதட்ட வேண்டியதில்லை என்று முதலில் அறிவித்தார்கள். மையத்தின் இயக்குநர் சுப்பராயலு மைக்கைப் பிடித்தார். எடிட்டிங் மென்பொருளின் வளர்ச்சியும் நிர்வாகத்தின் வளர்ச்சியும் என்பது தலைப்பு. இனியவன் பதிவு செய்திருந்ததால் அந்தப் பேச்சை ஒரு வார்த்தை விடாமல் தர முடிகிறது.

"நான் சர்வீஸுக்கு வந்தப்ப ரெண்டு வீடியோ டெக்கு, நடுவுல ஒரு ஒயர். அவ்வளவுதான் எடிட்டிங். ஒண்ணுல ஓடும், இன்னொண்ணுல ஏறும். ஒரு எடத்துல தப்பு பண்ணா முதல்லேருந்து பண்ணணும். அதனால அந்தக் காலத்துல அதிகாரிகள் சொன்ன நேரத்துக்கு வர வேண்டிய கொடுமை இருந்தது. வரணும், குடுக்கணும், மக்கள் பேசறதக் கேக்கணும். எங்க சீனியர் ஒருத்தருக்கு அதுலயே சுகர் வந்தது.

"அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது, டைம்லைன் வந்தது. எங்க வேணா வெட்டலாம், எங்க வேணா ஒட்டலாம். ஜனங்க காலையில பத்து மணிக்கு வெயில்ல உக்காந்திருப்பாங்க, அதிகாரி மூணு மணிக்கு வருவாரு. படத்துல பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணா வந்திருப்பாங்க. மக்களுக்கும் அதிகாரிக்கும் நடுவுல இருந்த இடைவெளிய அன்னிக்கே நாங்க வெட்டி எடுத்துட்டோம்.

"அடுத்து லேயர் வந்தது. ஒரு படத்து மேல இன்னொரு படத்த வெக்கறது. நம்ம முன்னாள் தனி அலுவலர் ஒரே ஒரு நாள் வந்து, பச்சைத் துணி முன்னாடி கைய நீட்டிச் சிரிச்சிட்டுப் போனாரு. அந்த ஒரு கைய வெச்சு முந்நூத்திப் பன்னெண்டு நிகழ்ச்சி நடத்தினோம். அவரு ரிட்டயர் ஆகி மூணு வருஷம் ஆச்சு. கை இன்னும் சர்வீஸ்ல இருக்குது.

"இப்ப பன்னெண்டாம் பதிப்பு. இதுல பயனாளி கூட வர வேண்டாம். கம்ப்யூட்டரே நல்லா சிரிக்கிற பயனாளிகளைத் தயார் பண்ணிக்கும். அவங்க மனு குடுக்க மாட்டாங்க. பதிமூணாம் பதிப்புல திட்டமே வேண்டியதில்லன்னு கம்பெனியில வாக்குக் குடுத்திருக்காங்க. அந்த நாளை நாம எல்லாரும் பாக்கணும்."

பதிவு செய்த கைதட்டல் நாற்பது விநாடி ஒலித்தது. கூட்டத்தில் ராயப்பன் மட்டும் எழுந்து நின்றார்.

"ஐயா, என் உடம்பு."

"வாங்க, வாங்க. உங்களத்தான் எதிர்பாத்துக்கினு இருந்தோம்" என்றார் சுப்பராயலு.

திரையில் ராயப்பனின் தலையும் கைகளும் வந்தன. இனியவன் அந்தக் காலி இடத்தைச் சுற்றிக் கோடு போட்டு ஒரு பொத்தானை அழுத்தினார். மென்பொருள் யோசித்தது. பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்து அதற்குத் தோதாக நிரப்புவது அதன் குணம். பக்கத்தில் இருந்தது அலுவலரின் உடம்பு. இரண்டு நிமிஷத்தில் ராயப்பனின் தலைக்குக் கீழே சபாரி உடுப்பு முளைத்தது. பையில் பேனா, கழுத்தில் அடையாள அட்டை, கொஞ்சம் தொப்பையும் வந்தது. சபாரி போட்டவர் இரண்டு கையால் வாங்குவது பொருத்தமாக இல்லை என்று அதற்குத் தோன்றியிருக்க வேண்டும். கைகளையும் திருப்பி, கொடுக்கிற பாவனையில் வைத்துவிட்டது. மாடு போய்விட்டது.

"முழு ஆளு" என்றார் சுப்பராயலு. அங்கேயே மெய்ப்பிக்கப்பட்டது என்று முத்திரை குத்திக் கையெழுத்தும் போட்டார். முத்திரை குத்திய காணொளியை அடுத்த பதிப்பு வரும்வரை யாரும் தொடக் கூடாது.

இருபத்தெட்டாம் தேதி திண்டிவனம் கிளையில் அந்தக் காணொளியைப் பார்த்த சங்கவி ஸ்கேலை எடுத்துத் திரும்ப மேஜைமேல் வைத்தார். சவுரியம்மாள் டிவியைக் காட்டினார்.

"இன்னா மேடம், இப்பதான் முழுசா இருக்காரே."

"இருக்காருங்க. ஆனா வாங்கறவரு யாரும் இல்ல. ரெண்டு பேருமே குடுக்கறாங்க. ரெக்கார்டுப்படி ஐயா பயனாளி இல்ல, ஆபீசரு."

ராயப்பன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பெஞ்சு முழுக்க ஆட்கள். அன்றைக்கு லட்டு வாங்கிய மற்ற நாற்பது பேரும் அங்கேதான் தினமும் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் உடம்பு இருந்தது. பட்டாவில் கையெழுத்துதான் இல்லை. காணொளியில் கொடுப்பவராக வந்து, கையெழுத்துப் போட வேண்டிய முன்னாள் தனி அலுவலர் மகனோடு வெளிநாட்டில் இருந்தார். நான் யாருக்கும் எதையும் கொடுத்ததாக நினைவில்லை, எப்படிக் கையெழுத்துப் போடுவேன் என்று அவர் எழுதிவிட்டார். இந்தக் கதையில் வருகிற ஒரே நேர்மையான அதிகாரி அவர். அவரால்தான் நாற்பது குடும்பம் தெருவில் நின்றது.

சங்கவி விதிப் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் விதியைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு எழுந்து உள்ளே போய், மூன்று வருஷமாக யாரும் உட்காராத நாற்காலியைத் துணியால் துடைத்தார்.

"ஐயா, உள்ள வாங்க. இது உங்க சீட்டு."

"வாணாம்மா. அடிப்பாங்க."

"அடிக்க முடியாதுங்க. காணொளியில குடுக்கறவராத் தெரியறவருதான் அலுவலர். முத்திரை இருக்குது, டைரக்டர் கையெழுத்து இருக்குது. நாப்பத்தொரு பேருக்கும் ஒரே விழா. பழைய ஆபீசரு மாட்டேன்னுட்டதால அதுக்குக் கையெழுத்துப் போடற அதிகாரம் இப்ப உங்களுக்கு மட்டும்தான் இருக்குது."

ராயப்பன் பெஞ்சை இறுகப் பிடித்துக்கொண்டார். சவுரியம்மாள் அவர் தோளைப் பிடித்துத் தள்ளினார். "போய் உக்காருங்க. இத்தினி பேரு நின்னுக்கினு இருக்காங்கல்ல."

உட்கார்ந்தார். கூச்சத்தில் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். சங்கவி முதல் பட்டாவை வைத்தார். அது ராயப்பனுடையது.

"காணொளியில தெரியாத பயனாளிக்கு, ஆபீசர் நேரில் அறிவேன்னு எழுதினா போதும். இந்த ராயப்பன்ற ஆள உங்களுக்கு நேர்ல தெரியுமாங்க?"

அவர் யோசித்தார். "தெரியும்."

"ஆள் எப்படி?"

"பரவால்லை."

"முன்கோவக்காரரு. ஆனா குடுக்கலாம்" என்றார் சவுரியம்மாள்.

அறிவொளி வகுப்பில் கற்றுக்கொண்ட கையெழுத்து. ரா-வுக்கு ஒரு மூச்சு, ய-வுக்கு ஒரு மூச்சு என்று போட்டு முடிக்க இரண்டு நிமிஷம் ஆனது. பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர் ஒவ்வொருவரையும் இப்போது எங்கே இருக்கிறாய், மழைக்கு ஒழுகுமா என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் தொட்டார். ஒழுகாது என்று யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு நாற்பத்தொன்றும் முடிந்தது. சங்கவி முத்திரை குத்திக் குத்திக் கை வீங்கிப்போய்ச் சிரித்துக்கொண்டே அழுதார்.

விஷயம் விழுப்புரத்துக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. அதற்குள் பட்டா எல்லாம் பதிவேட்டில் ஏறிவிட்டது. சுப்பராயலு விதிப் புத்தகத்தை முழுக்கத் தேடியும் அதை ரத்து செய்ய வழி கிடைக்கவில்லை. காணொளியைப் பொய் என்று சொன்னால் முந்நூற்றுப் பன்னிரண்டு நிகழ்ச்சியையும் பொய் என்று சொல்ல வேண்டி வரும். அதனால் அவர் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார். பதிமூன்றாம் பதிப்பை அவசரமாக வரவழைத்து, மிகைப்படியான அலுவலரைக் காணொளியிலிருந்து நீக்கும்படி உத்தரவு போட்டார். நீக்கப்பட்டவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் முத்திரை குத்த முடியும். இனியவனை லேப்டாப்போடு பிரம்மதேசத்துக்கு அனுப்பினார்கள்.

கார்த்திகை மழை பிடித்துக்கொண்டிருந்தது. மேட்டில் சிமென்ட் பூசாத செங்கல் சுவரும் ஷீட் கூரையுமாக ராயப்பனின் வீடு நின்றது. உள்ளே அடுப்பு எரிந்தது. இனியவன் வாசலில் குடையை ஒரு கையிலும் லேப்டாப்பை மறு கையிலும் பிடித்துக்கொண்டு படத்தை ஓட விட்டார். அலுவலர் வாய் நிறையச் சிரித்தபடி தென்னந்தோப்பைப் பார்த்துப் பட்டாவை நீட்டினார். எதிரே ஒருவரும் இல்லை. தலையும் இல்லை, கையும் இல்லை, வேட்டியும் இல்லை.

"நல்லாப் பாத்துக்குங்க பெரியவரே. இதுல நீங்க எங்கயுமே இல்ல. சம்மதம்தானே?"

ராயப்பன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மூலை முடுக்கெல்லாம் தேடினார்.

"ஆமா, இல்ல" என்றார். "கம்ப்யூட்டர் நனையுது பாருங்க தம்பி. உள்ள வாங்க."